சமதரையில் நிறுத்திப் பார்

சார்லஸ்,

"ப்பா, பழைய கார் ஒண்ணு வாங்கியிருக்கேன். கியர் ஆயில் எப்படிப் பாக்கணும்னு கொஞ்சம் சொல்லுங்க" என்று நீ செல்போனில் மெசேஜ் அனுப்பிக் கேட்டது போன திங்கட்கிழமை. இன்று சனிக்கிழமை. நான் படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி விழுந்ததை நீயும் பார்த்திருப்பாய். படித்துவிட்டுக் கிழவன் அலட்சியமாக இருக்கிறான் என்று நினைத்திருந்தால் அது தப்பு. ஆறு நாளாகத் தட்டுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எண்ணூர் டிரெய்லர் யார்டிலிருந்து ரிட்டயர் ஆன அன்று தூக்கிக்கொண்டு வந்த பழைய ரிஜிஸ்டரில் மிச்சமிருந்த தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போனில் பேசினால் நான் நழுவிவிடுவேன். அது எனக்கே தெரியும்.

உண்மையைச் சொன்னால் உன் கேள்வியைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நான்கு வருடமாக நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறாய். "சாப்டீங்களா? பிரஷர் மாத்திரை போட்டீங்களா? சரி, வெச்சிடறேன்." அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச நேரம் பேசமாட்டாயா என்று வெட்கத்தை விட்டுக் கேட்க வாய் வராது. கோயம்புத்தூர் போன பிறகுதான் நீ எனக்கு 'ங்க' போட ஆரம்பித்தாய். அதற்கு முன் "யோவ் அப்பா" என்றுகூடக் கூப்பிட்டிருக்கிறாய், உன் அம்மா கரண்டியைத் தூக்கியிருக்கிறாள். இந்த மரியாதை வந்ததிலிருந்து வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. பேச்சுக்குரல் கேட்கட்டும் என்று டிவியைப் போட்டுவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானத்தில் பஸ் ஏறி எண்ணூர் வரைக்கும் போய், யார்டு கேட்டுக்கு எதிரே ஒரு டீ குடித்துவிட்டு, அதே பஸ்ஸில் திரும்புகிறேன். வாட்ச்மேன் புது ஆள். யாரைப் பார்க்கணும் என்று கேட்டான், யாரையும் இல்லை என்றேன். இப்படி இருக்கிறவனிடம் ஒருவன் வந்து கியர் ஆயிலைப் பற்றிக் கேட்டால் எப்படி இருக்கும், நீயே யோசித்துப் பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார் வாங்கிய கையோடு கியர் ஆயிலைக் கேட்டாயே, அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். எஞ்சின் ஆயிலை எல்லாரும் பார்ப்பார்கள். குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தால் தெரிந்துவிடும். கியர்பாக்ஸுக்கு உன்னுடையது மாதிரி வண்டியில் குச்சி கிடையாது. அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும், படுக்க யாருக்கும் மனசு வராது. பெட்டியின் பக்கவாட்டில் நடு உயரத்தில் ஒரு பிளக் இருக்கும். ஊற்றுவதும் அதில்தான், அளவு பார்ப்பதும் அதில்தான். அடியில் இருக்கிற இன்னொன்று வடிப்பதற்கு. அவசரத்தில் அடிப் பிளக்கைக் கழற்றி, முகத்திலேயே வாங்கிக்கொண்ட மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும். அந்த எண்ணெயின் வாடை இருக்கிறதே, கந்தகமும் அழுகிய முட்டையும் கலந்த வாடை, நான்கு குளியலுக்கும் போகாது. சட்டையைக் கழற்றாமல் நான் சோற்றுத் தட்டில் கை வைத்தால் உன் அம்மா ஸ்டெல்லா தட்டையே எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

பிளக்கைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதுதான் அந்த முதல் வரி. வண்டியைச் சமதரையில் நிறுத்த வேண்டும். முன்னும் பின்னும், இடமும் வலமும், நாலு சக்கரமும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். இதைத்தான் ஆறு நாளாகத் தட்டித் தட்டி அழித்தேன்.

நம் தெரு உனக்குத் தெரியும். பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு, திருவொற்றியூரில் பாதி வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. நாம் குடிவந்தபோது வாசலுக்கு இரண்டு படி ஏறினோம், இப்போது மூன்று படி இறங்க வேண்டியிருக்கிறது. ரோட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே எல்லார் வாசலிலும் ஒரு சிமெண்ட் சரிவு. வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் இடது சக்கரம் இரண்டும் சரிவில் கீழே, வலது சக்கரம் இரண்டும் ரோட்டில் மேலே என்றுதான் நிறுத்துவோம். அதில் எனக்கு ஒரு வசதியும் இருந்தது. ரோட்டுப் பக்கம் தூக்கியிருப்பதால் ஜாக்கி வைக்காமலே உடம்பை உள்ளே நுழைத்துவிடலாம். "நமக்குத் தெருவே ஜாக்கி" என்று அக்கம்பக்கத்தில் பெருமை அடித்துக்கொண்டவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் நான் டிரெய்லர் கியர்பாக்ஸ் பார்த்த யார்டில் தரை முழுக்க ரசமட்டம் வைத்துப் போட்ட சிமெண்ட். அங்கே எந்த வண்டியை எங்கே நிறுத்தினாலும் அது சமமாகத்தான் நிற்கும். அதனால் தரையைப் பற்றி யோசிக்கிற பழக்கமே எனக்கு வரவில்லை. இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

உன் அம்மா விழுவதற்கு ஒரு மாதம் முந்தி, ஒரு விடுமுறை நாள் காலையில் நம் வெள்ளைக் காரின் கியர் ஆயிலைப் பார்த்தேன். நீ பக்கத்தில் குந்திக்கொண்டு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தாய். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது உனக்கு. நான் உள்ளே நுழைந்து பிளக்கில் ஸ்பானரை மாட்டும்போது நீ குனிந்து பார்த்துச் சொன்னாய்.

"இன்னாப்பா, வண்டி இப்டி சாஞ்சிகினு கீது. சர்ச்சு கிரவுண்டுல வெச்சிப் பாக்கலாமே?"

"தோ பார்றா! முப்பது வருசமா கியர்பாக்ஸப் புட்டுப் புட்டு மாட்டினவனுக்கு இவரு பாடம் எடுக்க வந்துட்டாரு. பேஜார் பண்ணாத, அந்தத் தட்ட இப்டித் தள்ளு."

நீ தள்ளினாய். நான் பிளக்கைக் கழற்றினேன். எண்ணெய் விளிம்பு வரைக்கும் வந்து, இரண்டு சொட்டு தட்டில் விழுந்தது.

"பாத்தியா? ரொம்பி வழியுது. இன்னா இப்ப?"

"சரிப்பா" என்றாய். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி நான் சிரித்தேன்.

அது நிரம்பி வழியவில்லை, சார்லஸ். அரைச் சொம்புத் தண்ணீரைச் சாய்த்துப் பிடித்தால் அதுவும் விளிம்பு வரைக்கும் வரும். வண்டி இடது பக்கம் சாய்ந்திருந்தது, பிளக்கும் அதே இடது பக்கம். இருந்த கொஞ்ச எண்ணெய் எல்லாம் அந்தப் பக்கம் வந்து தேங்கி நின்று எனக்கு வேடிக்கை காட்டியது. ஆக்ஸிலைச் சுற்றியிருக்கிற ரப்பர் சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் பல நாள் போயிருக்கிறது. சொட்டினது சரிவில் ஓடி வாசல் மணலில் கலந்ததால் கறையும் தெரியவில்லை. நீ சொன்ன மாதிரி ஐந்து நிமிடம் ஓட்டிப் போய் சர்ச்சு கிரவுண்டில் பார்த்திருந்தால், விரலை விட்டால் விரல் காய்ந்தே வந்திருக்கும்.

அம்மா விழுந்த நாளை நான் உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதாமல் தாண்டினால் மறுபடி நழுவுகிறேன் என்று அர்த்தம். இட்லியைப் பிட்டவள் கை தூக்க முடியாமல், "கை மரத்துப் பூட்ச்சிடா" என்று உன்னிடம்தான் சொன்னாள். வாய் ஒரு பக்கம் கோணியதை நீதான் முதலில் பார்த்தாய். பின் சீட்டில் அவள் தலை என் மடியில் இருந்தது, நீ ஓட்டினாய். ஹைரோட்டில் ஹார்பருக்குப் போகிற டிரெய்லர்கள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. அவற்றுக்கு நடுவே நீ புகுந்து புகுந்து போனபோது கியர்பாக்ஸ் ஊளையிட ஆரம்பித்தது. அந்தச் சத்தம் என்னவென்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தேன். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் படீரென்று சக்கரம் பிடித்துக்கொண்டு வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் டிரெய்லர்காரன் ஹாரன் அடிக்கிறான். நீ அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி, காசிமேட்டிலிருந்து வந்த ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டியை மறித்தாய். ஈரத் தார்ப்பாயில், கூடைகளுக்கு நடுவே அவளைப் படுக்க வைத்துக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டர், ரத்தக் கட்டைக் கரைக்கிற ஊசிக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு என்றும், கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் போட்டிருக்கலாம் என்றும் சொன்னார். எவ்வளவு முன்னால் என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காதர் பாய் ஷெட்டில் வண்டியைப் பார்க்கப் போனேன். அவர் அடிப் பிளக்கைத் திறந்து தட்டை வைத்தார். இரண்டு லிட்டருக்கு மேல் பிடிக்கிற பெட்டியிலிருந்து ஒரு லிட்டர்கூடத் தேறவில்லை. வந்ததும் தார் மாதிரி கருகி வந்தது. "இன்னா நைனா, எண்ணெயே இல்லியே. எப்ப பாத்தே?" என்றார். "போன மாசம்தான் பாய்" என்றேன். சொல்லும்போதே எனக்கு நம் வாசல் சரிவும், நீ குனிந்து பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து நீ ஆஸ்பத்திரியிலிருந்து நேராக உள்ளே வந்தாய். கண்ணெல்லாம் சிவந்து, அம்மாவைத் தூக்கின சட்டையோடு, மீன் வாடையோடு. "இன்னாப்பா ஆச்சி வண்டிக்கு?" என்று கேட்டாய். நான் அந்தத் தட்டைக் காலால் காருக்கு அடியில் தள்ளிவிட்டுச் சொன்னேன்.

"கிளட்ச்ச முழுசா மிதிக்காம கியர் போட்டுக்கிறே. கியர் பல்லு பூட்ச்சி."

அவ்வளவுதான் சொன்னேன். சொல்வதற்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. காதர் பாய் என்னைப் பார்த்தார், அப்புறம் திரும்பி வேஸ்ட் துணியில் கையைத் துடைக்க ஆரம்பித்தார். நீ குனிந்து உன் இடது காலைப் பார்த்தாய். அப்படிப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றாய். பாய் அதற்கப்புறம் இரண்டு தடவை என்னிடம், "புள்ளகிட்ட சொல்லிடு, அவன் மூஞ்சே சரியில்ல" என்றார். மூன்றாவது தடவை சொல்லவில்லை. நான் தெருவில் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்க்கத் தொடங்கினார்.

இதற்கு மேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டம். பொய் சொன்னது ஒரு நாள், அதைக் காப்பாற்றியது ஏழு வருடம். அம்மா படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் பொண்ணு பார்க்கலாம் என்றால் நீ வேண்டாம் என்றாய். வண்டி ஓட்டச் சொன்னால் சாவியைத் தொடமாட்டாய். அவளுக்குப் பேச்சு திரும்பவே இல்லை. நான் கஞ்சி ஊட்டப் போனால் என் கையின் கியர் ஆயில் வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நீ ஊட்டினால் சாப்பிடுவாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று எனக்கு அப்போது பயம். ஒரு நாள் சாயங்காலம் ஷிப்ட் முடிந்து படி இறங்கி வந்தேன். உள்ளே நீ அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, "என்னாலதான்மா நீ இப்டி கீறே. நா ஒழுங்கா ஓட்டிருந்தா நீ நடந்துகினு இருப்பே" என்று சொல்லி அழுதாய். அவள் ஆடாத வாயால் ஏதோ சத்தம் போட்டாள், இடது கையை நீட்டி உன் தலையைத் தேடினாள். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றேன். உள்ளே வந்து இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சத்தம் இல்லாமல் படி ஏறி, கடற்கரை வரைக்கும் நடந்து போய் கல்லில் உட்கார்ந்துவிட்டு, ஓவர்டைம் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்ததிலேயே கேவலமான காரியம் அந்தப் பொய் இல்லை, இதுதான்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். முதலில் பயம். வேலையில் கெட்டிக்காரன் என்பதைத் தவிர என்னிடம் வேறு ஒன்றும் இருந்ததில்லை. படிப்பு இல்லை, பேச்சு சாமர்த்தியம் இல்லை. "எண்ணூர்ல எந்த டிரெய்லர் நின்னாலும் அவரக் கூப்புடு" என்பார்கள், அதுதான் நான். அது போய்விட்டால் மிச்சம் என்ன என்று பயந்தேன். பிறகு அவள் போய்விட்டாள், நீயும் கிளம்பிவிட்டாய், இனிமேல் சொல்லி என்ன என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். கடைசியில் அந்தப் பெயரைக் காப்பாற்றி யாருக்குக் காட்டுகிறேன் என்றால், கியர்பாக்ஸ் மாற்றி, வாசலில் உறை போட்டு மூடி வைத்திருக்கிற அந்த வெள்ளைக் காருக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து விடுகிறேன். வீட்டில் என்னைத் தவிர சத்தம் போடுவது அது ஒன்றுதான்.

நேற்று அதை எடுத்துக்கொண்டு சர்ச்சு கிரவுண்டுக்குப் போனேன். யார்டு ரசமட்டத்தை முன் சீட்டுக்குக் கீழே வைத்துப் பார்த்து, இரண்டு தடவை நகர்த்தி நிறுத்தினேன். கண்ணால் பார்த்தால் சமமாகத் தெரிந்த இடம் சமமாக இல்லை. ஜாக்கி போட்டால் நாலு பக்கமும் ஒரே உயரத்துக்குத் தூக்கி, கீழே ஸ்டாண்ட் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, சூடு ஆறினபிறகு பார். பிளக்கைச் சுற்றி மண் போகத் துடைத்துவிட்டுக் கழற்று. சுண்டுவிரலை உள்ளே விட்டு நுனியை மடக்கு. துளையின் விளிம்பில் எண்ணெய் பட வேண்டும். படாவிட்டால் புத்தகத்தில் போட்டிருக்கிற அதே நம்பர் எண்ணெயை, குழாய் மாட்டின பாட்டிலால் மெதுவாக ஏற்று. விளிம்பில் வழிந்து, சொட்டு நிற்கும்வரை பொறு. வாஷர் புதிதாகப் போடு. முறுக்கும்போது பலத்தைக் காட்டாதே, பெட்டி அலுமினியம். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டோம் என்று எழுந்து போகாதே, எங்கே போயிற்று என்று தேடு. ஆக்ஸில் நுழைகிற இடத்தில் விரலை வைத்துப் பார். என் வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கிரவுண்டில் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்களைத் தவிர யாரும் இல்லை, வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து மறுபடி உறையைப் போட்டுவிட்டேன்.

மருமகள் மெர்சிக்கு ஏழாவது மாதம். ஏழு வருடம் சாவியைத் தொடாதவன் இப்போது எதற்குக் கார் வாங்கினாய் என்பதும், வாங்கியதும் ஏன் இதைக் கேட்டாய் என்பதும் எனக்குப் புரிகிறது. வலி எடுத்து அவளைப் பின் சீட்டில் படுக்க வைத்து ஓட்டும்போது உன் இடது காலை நீ நம்பமாட்டாய். அதை நினைத்துத்தான் இந்தத் தாளை எடுத்தேன். உன் கால் எந்தத் தப்பும் செய்யவில்லை. உன் அம்மாவை நீ எவ்வளவு வேகமாகக் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு வேகமாகக் கொண்டுபோனாய். வண்டியை நிறுத்தியது நான். அன்றைக்குச் சரிவைப் பார்த்துச் சரியாகச் சொன்னவன் நீ. தெரியாமல் கேட்டாயா, எல்லாம் தெரிந்துதான் இத்தனை வருடம் கழித்து எனக்கு ஒரு வழி விட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் உனக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்.

இதைப் படித்தபிறகு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடாமல் இருக்கலாம். அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. போன் அடிக்காத ஞாயிறு எப்படி இருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் எப்போதாவது உனக்கு மனசு வந்து, வா என்று ஒரு சொல் அனுப்பினால், அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன். மெர்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் நாளுக்கு முன் அந்த வண்டியை ஒரு தடவை பார்த்துவிடலாம். நான் கீழே படுத்துக்கொள்கிறேன். நீ வெளியே நின்று தரையைப் பார். "சமமா கீதுப்பா" என்று நீ சொல்கிற வரைக்கும் நான் பிளக்கில் ஸ்பானரை வைக்கமாட்டேன்.

அப்பா